ஆறு தேக்கங்களின் ஊரில்: சீன மருத்துவத்தில் மனச்சோர்வும் மறதிநோயும்

செவ்வாய், ஷாங்காய்

இந்தப் பயணத்துக்கு நான் வகுத்துக்கொண்ட எல்லை குறுகியது. சீன மருத்துவம் முழுவதையும் பார்க்க ஒரு பிறவி போதாது. ஆகவே மனச்சோர்வு, மறதிநோய், நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோய் ஆகிய மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அவற்றைச் சீன மருத்துவம் எப்படிப் புரிந்துகொள்கிறது, எதைக் கொடுக்கிறது, கொடுப்பது குணப்படுத்துகிறதா என்பதை ஷாங்காயிலிருந்து செஜியாங் மாகாணத்தின் உட்பகுதி வரை போய்ப் பார்த்துவரலாம் என்று கிளம்பியிருக்கிறேன். மருந்தியல் கற்பிப்பவன் என்பதால் மூன்றாவது கேள்வியில்தான் எனக்கு அக்கறை அதிகம். ஆனால் முதல் கேள்வியைத் தாண்டாமல் மூன்றாவதற்குப் போக முடியாது என்பது முதல் நாளிலேயே தெரிந்துவிட்டது.

காலையில் பூதோங் பகுதியின் ஜாங்ஜியாங்கில் இருக்கும் சீன மருத்துவப் பல்கலைக்கழகத்தின் அருங்காட்சியகத்துக்குச் சென்றேன். 1938இல் தொடங்கிய மருத்துவ வரலாற்றுச் சேகரிப்பு ஒன்றின் தொடர்ச்சி இது. சியென்லோங் பேரரசர் காலத்தில், 1744இல், அரசு மருத்துவத் தொகைநூலை உருவாக்கியவர்களுக்குப் பரிசாக வார்த்துக் கொடுக்கப்பட்ட வெண்கல உருவம் ஒன்று இங்கே இருக்கிறது. உடல் முழுவதும் அக்குபங்சர் புள்ளிகளும் அவற்றை இணைக்கும் தடங்களும் குறிக்கப்பட்டிருக்கின்றன. உச்சந்தலையில் உள்ள பைஹுய் என்ற புள்ளியை இன்றும் மனச்சோர்வுக்குக் குத்துகிறார்கள். இது பயன் தருகிறதா என்று 2018இல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கோக்ரேன் அமைப்பு வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு 64 ஆய்வுகளை, ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை, ஒன்றாக வைத்துப் பார்த்தது. சிகிச்சையே பெறாதவர்களோடு ஒப்பிட்டபோது மிதமான பயன் தெரிந்தது; போலி ஊசி குத்தப்பட்டவர்களோடு ஒப்பிட்டபோது அந்தப் பயன் சிறுத்துப்போனது; ஆய்வுகளின் தரமோ பெரும்பாலும் தாழ்வு. இந்த மூன்று வரியையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இனி வரும் நாள்களிலும் இதே முடிவு வெவ்வேறு பெயர்களில் வந்துகொண்டிருக்கும்.

எனக்கு மொழிபெயர்ப்பாளராக வந்திருக்கும் முதுநிலை மாணவி, தன் பாட்டி நாற்பது ஆண்டுகளாக ‘நரம்புத் தளர்ச்சி’ என்ற நோய்ப்பெயரோடு வாழ்ந்து மறைந்ததாகச் சொன்னார். அந்தப் பெயருக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1980இல் ஹூனான் மாகாணத்தின் சாங்ஷா நகரில், நரம்புத் தளர்ச்சி என்று குறிக்கப்பட்ட 100 நோயாளிகளை அமெரிக்க மனநல மருத்துவரும் மானுடவியலாளருமான ஆர்தர் கிளைன்மன் பரிசோதித்தார். அவர்களில் 87 பேருக்கு, அமெரிக்க அளவுகோலின்படி, இருந்தது மனச்சோர்வு. ஆனால் அவர்கள் மருத்துவரிடம் சொன்னது தலைவலி, தூக்கமின்மை, கிறுகிறுப்பு ஆகியவற்றைத்தான். பண்பாட்டுப் புரட்சியில் இழந்தவற்றைப் பற்றி வெளிப்படையாகப் பேச முடியாத காலம் அது. மனநோய் என்ற பழியைச் சுமக்கவும் யாரும் தயாராக இல்லை. உடம்பு நோகிறது என்று சொல்ல மட்டும் அனுமதி இருந்தது. அந்த வாசல் வழியாக வருபவரைச் சீன மருத்துவம் எப்போதுமே திருப்பி அனுப்பியதில்லை.

அதே ஜாங்ஜியாங்கில், பல்கலைக்கழகத்திலிருந்து சற்றுத் தொலைவில், சீன அறிவியல் கழகத்தின் ஷாங்காய் மருந்துப்பொருள் ஆய்வு நிறுவனமும் இருக்கிறது. மறதிநோய்க்கான கதை அங்கேதான். திரும்பி வரும்போது அதை எழுதுகிறேன்.

புதன், ஹாங்சோ

ஷாங்காயிலிருந்து அதிவேக ரயிலில் ஒரு மணி நேரம். மேற்கு ஏரியைப் பார்க்காமல் ஹாங்சோவை விட்டுப் போகக்கூடாது என்பார்கள்; பார்த்தேன், கூட்டமாக இருந்தது, அவ்வளவுதான். நான் வந்தது ஹெஃபாங் தெருவுக்கு அருகே உள்ள ஹூ ச்சிங் யூ தாங் மருந்துச்சாலைக்காக.

ச்சிங் அரசவைக்கு நெருக்கமாக இருந்த பெருவணிகர் ஹூ சுயேயான் 1874இல் நிறுவிய கடை இது. உயர்ந்த வெள்ளை மதிலுக்குள் கறுத்த மரத்தூண்களும் முற்றங்களுமாக நீளும் கட்டடத்தின் ஒரு பகுதி அருங்காட்சியகம். மற்றொரு பகுதியில் வணிகம் இன்றும் நடக்கிறது. கடைகளில் பெயர்ப்பலகைகள் வாடிக்கையாளரைப் பார்த்துத் தொங்கும். இங்கே ஒரு பலகை மட்டும் உள்நோக்கி, ஊழியர்களின் கண்ணில் படும்படி மாட்டப்பட்டிருக்கிறது. ஏமாற்றாதே என்பது அதன் பொருள். 1878இல் நிறுவனரே எழுதியது. மருந்துத் தொழிலில் ஏமாற்றுக்கு எவ்வளவு இடம் உண்டு என்பதை அவர் நன்றாக அறிந்திருக்கிறார்.

விற்பனை மேசைக்குப் பின்னால் கூரைவரை அடுக்கிய இழுப்பறைகள். மேசையில் சீட்டு வந்து விழுந்ததும் ஊழியர் ஒருவர் ஏணியைத் தொடாமலேயே எந்த இழுப்பறையில் எது என்று கை பழகிய வேகத்தில் திறந்து, சிறு கைத்தராசில் நிறுத்து, விரித்த காகிதத்தில் ஏழு குவியல்களாகப் பிரித்தார். ஒரு குவியல் ஒரு நாளுக்கு. நான் பார்த்துக்கொண்டிருந்த சீட்டு சியாவ்யாவ் சான் என்ற கூட்டுமருந்தின் மாற்றிய வடிவம் என்று மாணவி சொன்னார்.

இந்தக் கூட்டு, சோங் அரசு நடத்திய மருந்தகத்தின் சூத்திரத் தொகுப்பில் இடம்பெற்றது. ஏறத்தாழ தொள்ளாயிரம் ஆண்டு வயது. சாய்ஹூ வேர், தாங்குவெய் வேர், வெண்பியோனி வேர், பைஜூ கிழங்கு, பைன் மர வேரைச் சுற்றி மண்ணுக்கடியில் விளையும் ஃபூலிங் காளான், வறுத்த அதிமதுரம். கொதிக்கும்போது கொஞ்சம் புதினா, சுட்ட இஞ்சி. இதன் பின்னுள்ள தத்துவத்தை இப்படிச் சுருக்கலாம்: உடலில் உயிர்ச்சக்தி தடையின்றி ஓடவேண்டும், அதை ஓடவைக்கும் பொறுப்பு கல்லீரலுடையது, ஏமாற்றம், அடக்கிய கோபம், நீண்ட கவலை ஆகியவை கல்லீரலைக் கட்டிப்போட்டால் சக்தி தேங்கும், தேங்கிய கல்லீரல் மண்ணீரலை நெருக்கும், அப்போது நெஞ்சடைப்பு, பெருமூச்சு, பசியின்மை, சோர்வு, மாதவிலக்குக் கோளாறு எல்லாம் வரும். ஆகவே சாய்ஹூவும் புதினாவும் தேக்கத்தைத் திறக்க, தாங்குவெய்யும் பியோனியும் இரத்தத்தை ஊட்ட, மற்றவை செரிமானத்தைத் தாங்க. இவர்கள் சொல்லும் கல்லீரல், நாம் உடற்கூற்றில் வெட்டிப் பார்க்கும் கல்லீரல் அல்ல என்பதை மறக்காமல் இருந்தால் இந்த அமைப்பு உள்ளே முரணின்றி நிற்கிறது. உள்ளே முரணில்லை என்பதாலேயே வெளியே அது உண்மையாகிவிடாது. இதை மாணவியிடமும் சொன்னேன். “ஆசிரியரே, எங்கள் பேராசிரியர்களில் பாதிப்பேர் அதைத்தான் சொல்கிறார்கள், மறுபாதிப்பேர் அதைக் கேட்டால் கோபப்படுகிறார்கள்” என்றார்.

வியாழன், ஹாங்சோ

இன்று காலை முழுவதும் ஒரு மூத்த பெண் மருத்துவரின் அறையில், நோயாளிகளின் ஒப்புதலோடு, ஓரமாக உட்கார்ந்திருந்தேன்.

பார்த்தல், கேட்டலும் முகர்தலும், வினவல், தொடுதல் என்று பரிசோதனைக்கு நான்கு படிகள். ஐம்பதைக் கடந்த ஒரு பெண்மணி வந்து உட்கார்ந்ததும் மருத்துவர் முதலில் நாக்கைப் பார்த்தார். ஓரங்களில் பல் பதிந்த தடம் இருப்பதை எனக்குச் சுட்டிக்காட்டினார். பிறகு ஒரு சிறு திண்டின்மேல் மணிக்கட்டை வைக்கச் சொல்லி மூன்று விரல்களை வைத்தார். ஒவ்வொரு கையிலும் மூன்று இடம், ஒவ்வோர் இடத்திலும் மேலோட்டமாகவும் அழுத்தியும். நாடி, யாழ் நரம்புபோல் இறுகியிருக்கிறது என்றார். கல்லீரல் தேக்கத்தின் அடையாளமாம். நம் ஊர் சித்த வைத்தியரும் மூன்று விரல்தான் வைப்பார். அவர் தேடுவது வாதம், பித்தம், கபம். இங்கே தேடுவது உறுப்புகளின் நிலை.

பிறகு கேள்விகள். எத்தனை மணிக்கு விழிக்கிறீர்கள், கனவு வருமா, மலம் இறுகுமா, காலடி குளிருமா, உணவுக்குப் பின் வயிறு உப்புமா, தொண்டையில் எதுவோ அடைத்ததுபோல் இருக்குமா, விழுங்கினால் போகாமலும் துப்பினால் வராமலும். கடைசிக் கேள்விக்கு அந்தப் பெண்மணி நிமிர்ந்து பார்த்தார். அந்த அடைப்பை ஹான் பேரரசின் இறுதிக்காலத்தில் வாழ்ந்த ஜாங் ஜோங்ஜிங் எழுதிவைத்திருக்கிறார். தொண்டையில் வாட்டிய இறைச்சித் துண்டு ஒட்டியதுபோல் உணரும் பெண்களுக்கான கஷாயம் ஒன்றை அவர் நூல் கூறுகிறது. காரணமின்றி அழுகை வரும், அடிக்கடி கொட்டாவி விடும் பெண்ணுக்கு அதே நூல் பரிந்துரைப்பது கோதுமை, அதிமதுரம், சீன இலந்தைப்பழம் மூன்றையும் சேர்த்துக் காய்ச்சிய நீர். ஏறத்தாழ ஆயிரத்து எண்ணூறு ஆண்டுகளாக இது கைமாறி வந்திருக்கிறது, மனநல மருத்துவர்களின் அறைகளில்கூட.

மருத்துவர் ஒருமுறையும் மனச்சோர்வு என்று சொல்லவில்லை. தூக்கத்தைப் பற்றியும் வயிற்றைப் பற்றியும் பேசிக்கொண்டே வந்தவர், வீட்டில் யார் யார் என்று கேட்டதும், மகள் வெளிநாட்டில் படிக்கிறாள், கணவர் வேறு நகரத்தில் வேலை செய்கிறார் என்று அந்தப் பெண்மணி தானாகவே சொல்லத் தொடங்கினார். கால் மணி நேரம் ஓடியது. வாசலில் காத்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். மருத்துவர் அவசரப்படவில்லை.

இந்தக் கால் மணி நேரத்தின் மதிப்பு என்ன என்று அறிய ஓர் எண்ணைப் பார்த்தால் போதும். 2021இல் வெளியான தேசிய அளவிலான கணக்கெடுப்பின்படி, சீனாவில் மனச்சோர்வு உள்ளவர்களில் ஓராண்டுக்குள் ஏதேனும் சிகிச்சை பெற்றவர்கள் 9.5 விழுக்காடு, போதுமான சிகிச்சை பெற்றவர்கள் 0.5 விழுக்காடு. ஷாங்காயின் மனநல மையம் வான்பிங் தெற்குச் சாலை 600ஆம் எண்ணில் இருப்பதால், ‘600ஆம் எண்’ என்பதே அந்நகரில் நெடுங்காலம் கேலிச் சொல்லாக இருந்தது. 2021இல் அந்த மையத்தின் முத்திரை பதித்த நிலாப் பணியாரத்தை வாங்க இளைஞர்கள் போட்டியிட்ட செய்தியைப் படித்தபோது மகிழ்ந்தேன். ஆனால் ஐம்பது வயதைக் கடந்த பெண்மணி அந்த எண்ணுக்குப் போகமாட்டார். இங்கே வருவார்.

வந்தவருக்குக் கொடுக்கும் மருந்து வேலை செய்கிறதா? சியாவ்யாவ் சான் குறித்துச் சீனாவில் மருத்துவ ஆய்வுகள் நிறையவே நடந்திருக்கின்றன. அவற்றைத் தொகுத்தவர்கள் மனச்சோர்வு மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்தபோது கூடுதல் பயன் இருப்பதாகவும், அந்த ஆய்வுகள் சிறியவை, குறுகியவை, யாருக்கு எது கொடுக்கப்பட்டது என்பதை மறைக்காமல் நடத்தப்பட்டவை என்பதால் அந்தப் பயனை நம்ப முடியவில்லை என்றும் ஒரே மூச்சில் எழுதுகிறார்கள். கஷாயத்தின் நிறமும் கசப்பும் வாயில் பட்டதும் தெரிந்துவிடுவதால் அதற்குப் போலி மருந்து செய்வது உண்மையிலேயே கடினம். சீட்டும் ஆளுக்கு ஆள், வாரத்துக்கு வாரம் மாறுகிறது. இது நியாயமான விளக்கம். ஆனாலும் விளக்கம் சான்றாகிவிடாது.

மாலையில் போன வேறொரு சிறு மருத்துவமனையில் கண்டது என்னைக் கலங்கவைத்தது. அங்கே ஒரு இளைஞருக்கு மிதமான மனச்சோர்வுக்கென அனுமதி பெற்ற ஒரு மூலிகைக் குளிகை எழுதிக்கொடுத்தார்கள். அதன் இரண்டு பொருள்களில் ஒன்று, ஐரோப்பாவில் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்று விற்கப்படும் செடி. மனச்சோர்வில் ஓரளவு நல்ல சான்று உள்ள மூலிகை அதுதான். அதே காரணத்தால் அபாயமும் உள்ளது. மூளையில் செரட்டோனின் என்ற வேதிப்பொருளைக் கூட்டும் மனச்சோர்வு மாத்திரைகளோடு சேர்ந்தால் உடல் நடுங்கிக் காய்ச்சல் கண்டு உயிருக்கே ஆபத்தாகலாம். கருத்தடை மாத்திரை, இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து, உறுப்பு மாற்றியவர்கள் உண்ணும் மருந்து ஆகியவற்றை ஈரல் வேகமாகச் சிதைக்கும்படி அது தூண்டும். வேறு மாத்திரை எடுக்கிறாயா என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. வெளியே வந்த பிறகு மாணவி கேட்டார். பையில் செர்ட்ராலின் அட்டை இருந்தது, செரட்டோனினைக் கூட்டும் அதே வகை மாத்திரை. திரும்ப உள்ளே அழைத்துப்போய்ச் சொன்னோம்.

வெள்ளி, யிவு

யிவு என்றதும் நம்மவர்களுக்கு நினைவுக்கு வருவது மொத்தச் சந்தை. பொம்மை, பொத்தான், பிளாஸ்டிக் பூ எதுவானாலும் இங்கிருந்துதான் கொள்கலனில் ஏறுகிறது. மசூதியும் தோசைக்கடையும் இருக்கும் சீன ஊர். மண்ணடியில் கடை வைத்திருக்கும் தமிழ் வணிகர் ஒருவர், ஆண்டில் பாதி நாள் இங்கேயே தங்குபவர், தன் வண்டியில் என்னை சிஆன் என்ற சிற்றூருக்கு அழைத்துப்போனார். சந்தைக்கு எதிர்த்திசையில் போகச் சொன்னவர் இதுவரை யாரும் இல்லை என்றார்.

சிஆன் பகுதியில் பிறந்தவர் ஜூ தான்சி, 1281 முதல் 1358 வரை மங்கோலியர் ஆட்சியில் வாழ்ந்த மருத்துவர். அவர் கல்லறையும் நினைவுப் பூங்காவும் இங்கே உள்ளன. தாயின் நோயால் மருத்துவ நூல்களைத் தொட்டவர்; நாற்பதைக் கடந்த பிறகு ஹாங்சோவுக்கு நடந்துபோய், எளிதில் யாரையும் சேர்க்காத லுவோ ஜீதி என்ற ஆசானின் வாசலில் பல நாள் நின்று மாணவரானார். நோய்கள் பெரும்பாலும் தேக்கத்தில் பிறக்கின்றன என்பது அவர் கொள்கை. தேக்கம் ஆறு: உயிர்ச்சக்தி, இரத்தம், ஈரம், வெப்பம், சளி, உணவு. ஆறுக்கும் சேர்த்து அவர் செய்த யுவேஜூ மாத்திரையில் உள்ளவை ஐந்தே பொருள். முதலாவது, சக்தித் தேக்கத்தைத் திறப்பது, சியாங்ஃபு. அதைக் கையில் எடுத்து முகர்ந்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. நம் வயல் வரப்பில் உழவர் திட்டித் திட்டிப் பிடுங்கிப்போடும் கோரைக்கிழங்கு அது. அதே செடி, அதே மணம். சித்த மருத்துவத்தில் அது காய்ச்சலுக்கும் செரிமானத்துக்கும் போகிறது, துக்கத்துக்குப் போவதில்லை.

ஜூ தான்சியின் வாழ்க்கை வரலாற்றில் ஒரு நோயாளியின் கதை வருகிறது. ஒரு பெண் அரை ஆண்டாக உணவைத் தொடாமல், வடக்கு முகமாகப் படுத்தே கிடந்தாள். மருத்துவர்கள் கைவிட்டார்கள். நாடி பார்த்த ஜூ, இவள் வராத ஒருவனை நினைத்துக்கொண்டிருக்கிறாள், எண்ணம் மண்ணீரலில் முடிச்சிட்டுவிட்டது என்றார். விசாரித்தால், கணவன் குவாங்தோங் பக்கம் போய் ஐந்து ஆண்டாகிறது. இதைக் கோபம் ஒன்றுதான் அவிழ்க்கும் என்றார், தந்தை நம்பவில்லை. ஜூ உள்ளே போய் அவள் கன்னத்தில் மூன்று அறை விட்டு, தகாத நினைப்பு உனக்கு எதற்கு என்று ஏசினார். அவள் கதறி அழுது ஆத்திரம் தீர்ந்ததும் சாப்பிட்டாள். முடிச்சு அவிழ்ந்தாலும் மகிழ்ச்சி வராவிட்டால் மறுபடி இறுகும் என்று தந்தையைத் தனியே அழைத்துச் சொல்லி, கணவனிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது, விரைவில் வருகிறான் என்று பொய் சொல்லவைத்தார். மூன்று மாதத்தில் கணவன் உண்மையிலேயே வந்துவிட்டான். நோய் திரும்பவில்லை.

ஒரு மருத்துவர் நோயாளியை அறைவதை எந்த நூற்றாண்டிலும் என்னால் ஏற்க முடியாது. இன்று யாராவது இதை முன்மாதிரியாகக் காட்டினால் அவரிடமிருந்து நோயாளியை விலக்கிவைக்க வேண்டும். எனினும் இந்தக் கதையில் என் கவனம் தங்கியது வேறோர் இடத்தில். ஐந்து பொருள் மாத்திரை செய்தவரே இங்கே மாத்திரை கொடுக்கவில்லை. கோபம் கல்லீரலுக்கும் மரத்துக்கும் உரியது, எண்ணம் மண்ணீரலுக்கும் மண்ணுக்கும் உரியது, மரம் மண்ணைப் பிளக்கும் என்று ஐம்பூதக் கணக்கில் அவர் காரணம் சொன்னாலும், அவர் கண்டுபிடித்தது அவளுக்கு என்ன குறை என்பதை. நினைத்தது கணவனைத்தான் என்பதை ஆறு மாதம் அந்த வீட்டில் யாரும் அவளிடம் கேட்கவில்லை.

திரும்பும் வழியில் இதை வணிகரிடம் சொன்னேன். கதையின் மருத்துவம் அவருக்கு முக்கியமாகப் படவில்லை. “ஐந்து வருஷமா சார்? ஒரு தபால்கூட இல்லாமலா?” என்றார். இரவு ஒன்பதரைக்கு, அதாவது ஊரில் ஏழு மணிக்கு, வீட்டுக்குக் காணொலியில் பேசாமல் அவர் சாப்பிட உட்காருவதில்லையாம். அவர் வீட்டில் எல்லோரும் நலமா என்று கேட்க நினைத்தேன். அதற்குள் அவருக்குச் சரக்குக் கிடங்கிலிருந்து அழைப்பு வந்துவிட்டது.

சனி, பான்-ஆன்

யிவுவிலிருந்து மலைப்பாதையில் கிழக்கே. செஜியாங்கின் எட்டு மூலிகைகள் என்று பெயர்பெற்றவற்றில் ஐந்து இந்தச் சிறு மாவட்டத்தில் விளைகின்றன; சியாவ்யாவ் சானில் வரும் பைஜூவும் வெண்பியோனியும் அவற்றில் அடக்கம். நவம்பரின் தொடக்கம் பைஜூ தோண்டும் பருவம். தண்டு பழுத்து இலை காய்ந்த செடியை மண்வெட்டியால் கிளப்பி, மண் உதிர்த்து, முண்டு முண்டான கிழங்கைக் கூடையில் எறிகிறார்கள். சின்வோவில் உள்ள மூலிகைச் சந்தையில் மூட்டைகளுக்கிடையே நடந்தேன். சில மூட்டைகளின் நிறம் தேவைக்கு அதிகமாக வெளுத்திருந்தது. பூச்சி அரிக்காமலும் பார்வைக்கு அழகாகவும் இருக்கக் கந்தகப் புகை போடும் பழக்கம் சீனச் சந்தைகளில் பழைய தலைவலி, அரசு வரம்பு விதித்தும் முற்றிலும் ஒழியவில்லை. முகர்ந்து பார்த்து வாங்கச் சொல்கிறார்கள்.

மறதிக்கும் நடுக்கத்துக்கும் உரிய சரக்குகளை இங்கே தேடினேன். முதலில் தியென்மா. இது இலையும் பச்சையமும் இல்லாத ஓர் ஆர்க்கிட். ஆர்மில்லேரியா என்ற, மரத்தை உண்ணும் பூஞ்சையைத் தன் கிழங்குக்குள் வரவழைத்து அதைச் செரித்து வளர்கிறது. பூஞ்சையின்றி இதைப் பயிரிட முடியாது என்பதால் 1960களில் சீன அறிவியலாளர்கள் மரத்துண்டில் பூஞ்சையை வளர்த்து அதன்மேல் கிழங்கை வைக்கும் முறையைக் கண்டுபிடிக்கும்வரை காட்டைத் தோண்டித்தான் எடுத்தார்கள். இன்று யுன்னான், குய்ஜோ, ஷான்சி மலைகளிலிருந்து இங்கே வருகிறது. விலை அதிகம், ஆகவே போலியும் அதிகம்; வேகவைத்துக் காயவைத்த உருளைக்கிழங்கு தியென்மா என்று விற்கப்பட்ட காலம் உண்டு. ஒரு முனையில் கிளிமூக்குப் போன்ற செம்பழுப்பு மொட்டும் மறுமுனையில் தொப்புள் வடுவும் இருந்தால் அசல் என்று கடைக்கார அம்மாள் எனக்குப் பாடம் எடுத்தார். நடுக்கம், தலைச்சுற்றல் எல்லாம் உள்ளே வீசும் காற்றின் வேலை என்பது பழைய நூல்களின் கருத்து. காற்றை அடக்க தியென்மாவும் கோதெங் என்ற கொக்கிக் கொடியும் சேர்ந்த கஷாயத்தைப் பார்க்கின்சன் நோயாளிகளுக்குத் தருகிறார்கள். அந்நோயின் மூலம் மூளையின் ஒரு சிறு பகுதியில் டோப்பமைன் சுரக்கும் செல்கள் மடிவது. அந்த மடிவை எந்தக் கஷாயமும் நிறுத்தியதாகச் சான்று கிடையாது. அந்நோய்க்கு நாம் எழுதும் லெவோடோப்பா மாத்திரையும் நிறுத்துவதில்லைதான். ஆனால் அது நடுங்கும் கையை நிமிர்த்துகிறது, அதை யாரும் கண்ணால் காணலாம்.

அடுத்த மூட்டை எனக்குப் பழக்கமான மணம். தாங் அரசர்கள் காலத்தின் மருத்துவர் சுன் சிமியாவ் மறதிக்கும் மனக்கலக்கத்துக்கும் சொன்ன நான்கு பொருள் தூளில் ஒன்று ஷீசாங்பு. ஜின்செங், ஃபூலிங், யுவான்ஜீ வேர் ஆகியவை மற்ற மூன்று. ஷீசாங்பு நம் வசம்பின் நெருங்கிய உறவு. நாம் பிள்ளை வளர்ப்பான் என்று அழைத்து, சுட்டுக் கருக்கிக் குழந்தையின் நாக்கில் தடவிய அதே குடும்பத்துச் செடியை இவர்கள் முதுமையின் மறதிக்கு வைத்திருக்கிறார்கள். அதன் எண்ணெயில் உள்ள பீட்டா அசரோன் எலிகளில் புற்றுநோய் உண்டாக்கியதால் வசம்பை உணவில் சேர்க்க அமெரிக்கா 1968இலேயே தடை விதித்தது. நாள்தோறும் உண்ணத் தகுந்தது அல்ல என்பதை ஊரில் நம் பாட்டிமாரிடமும் சொல்லவேண்டியிருக்கிறது.

மறதிநோயில் ஓரளவு முறையாகச் சோதிக்கப்பட்ட பழைய கூட்டு ஒன்று உண்டு, ஆனால் சோதித்தவர்கள் ஜப்பானியர். மிங் காலத்தில் குழந்தைகளின் வலிப்புக்கும் எரிச்சலுக்கும் எழுதப்பட்ட யீகான் சான் என்பதை அவர்கள் யோகுகன்சான் என்ற பெயரில் தொழிற்சாலையில் தரப்படுத்தி, மறதிநோயாளிகளின் ஆத்திரம், மாயக்காட்சி, இரவு அலைச்சல் ஆகியவற்றுக்குக் கொடுக்கிறார்கள். நினைவை அது மீட்பதில்லை. அமைதிப்படுத்தக்கூடும் என்கின்றன சில ஆய்வுகள். அதிலுள்ள அதிமதுரம் நெடுநாள் உண்டால் இரத்தத்தில் பொட்டாசியத்தைக் குறைத்து இரத்த அழுத்தத்தை ஏற்றும் என்பதையும் அங்கே மருத்துவர்கள் கண்காணிக்கிறார்கள். மூலிகைதானே, ஒன்றும் செய்யாது என்று நம் வீடுகளில் சொல்லும் வாசகத்தை இந்தச் சந்தையில் மொழிபெயர்க்கச் சொன்னேன். மாணவி சீன மொழியிலும் அப்படியே சொல்வார்கள் என்றார்.

ஞாயிறு, ரயிலில்

பான்-ஆனிலிருந்து பேருந்து, யிவுவிலிருந்து ரயில். பார்த்தது ஒன்றுமில்லை, தூங்கினேன்.

திங்கள், ஷாங்காய்

காலை ஆறரைக்கு ஃபூசிங் பூங்கா. பிளேன் மரங்களின் கீழே முதியவர்கள் தாய்ச்சி என்ற மெதுவான உடற்பயிற்சியைச் செய்துகொண்டிருந்தார்கள். இந்தப் பூங்காவிலிருந்து நடக்கும் தூரத்தில் ருய்ஜின் மருத்துவமனை இருக்கிறது. அதன் நரம்பியல் துறையினர் 2023இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், வாரம் இருமுறை தாய்ச்சி செய்த பார்க்கின்சன் நோயாளிகள் 147 பேரையும் செய்யாத 187 பேரையும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்தார்கள். செய்தவர்களின் நோய் மெதுவாக முற்றியது, மருந்தின் அளவைக் கூட்டவேண்டிய தேவையும் குறைந்தது. சீட்டுப்போட்டுப் பிரிக்காத ஆய்வு என்பதால், உடல் ஓரளவு நன்றாக இருந்தவர்களே தாய்ச்சிக்கு வந்திருக்கலாம் என்ற ஐயம் நிற்கிறது. ஆனால் 2012இல் அமெரிக்காவின் ஓரிகனில் 195 நோயாளிகளைச் சீட்டுப்போட்டுப் பிரித்து நடத்திய சோதனையில், 24 வாரம் தாய்ச்சி செய்தவர்களின் உடல் சமநிலை மேம்பட்டு விழுவது குறைந்தது. பார்க்கின்சன் நோயில் சீன மரபு தந்தவற்றுள் எனக்கு ஐயமின்றிப் பரிந்துரைக்கத் தோன்றுவது இந்த ஒன்றைத்தான். இதில் மருந்துச் சீட்டுமில்லை, மூலிகை மூட்டையுமில்லை.

பிற்பகல் மறுபடி ஜாங்ஜியாங். மருந்துப்பொருள் ஆய்வு நிறுவனத்தை வெளியிலிருந்துதான் பார்த்தேன். 1986இல் இந்நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள், அடிபட்ட வீக்கத்துக்கும் காய்ச்சலுக்கும் பயன்பட்டுவந்த சியென்செங்தா என்ற பாசிபோன்ற சிறு செடியிலிருந்து ஹூப்பர்சின் ஏ என்ற பொருளைப் பிரித்ததை அறிவித்தார்கள். மூளையில் நினைவுக்கு வேண்டிய அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைச் சிதைக்கும் நொதியை அது தடுக்கிறது. மறதிநோய்களில் ஒன்றான அல்சைமருக்கு நாம் எழுதும் டோனெபெசில் செய்யும் அதே வேலை. 1990களில் சீனாவில் மருந்தாக அனுமதி பெற்றது. கவனியுங்கள், பழைய மருத்துவர்கள் மறதிக்குக் கொடுத்துவந்த செடிகளில் இது இல்லை. மறதிக்கு இது நல்லது என்ற மரபின் சொல்லைக் கேட்டு அல்ல, ஆய்வகச் சோதனையில் கிடைத்தது. 2011இல் வெளியான அமெரிக்கச் சோதனையில் 200 மைக்ரோகிராம் இருவேளை கொடுத்து 16 வாரம் பார்த்தபோது நினைவாற்றல் அளவுகோலில் பயன் தெரியவில்லை. இருமடங்கு அளவில் ஏதோ அசைவு தெரிந்தது. செடியோ மிக மெதுவாக வளர்வது, அதில் மருந்தோ மிகச் சிறிதளவு. காடுகள் இதற்குள் பெருமளவு காலியாகிவிட்டன.

இதே நிறுவனத்தில் உருவான இன்னொரு அல்சைமர் மருந்து ஜிவி-971. பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுத்த சர்க்கரைச் சங்கிலிகள்; குடல் நுண்ணுயிர்களின் வழியாக மூளை அழற்சியைக் குறைக்கும் என்பது அதைக் கண்டுபிடித்தவர்களின் வாதம். 818 நோயாளிகளிடம் 36 வாரம் நடத்திய சோதனையின் பலத்தில் 2019 நவம்பரில் சீன அரசு நிபந்தனையோடு அனுமதித்தது. இவ்வளவு குறுகிய காலச் சான்று போதுமா என்று வெளிநாட்டு ஆய்வாளர்கள் அப்போதே கேட்டார்கள். விடையளிக்க வேண்டிய பன்னாட்டுச் சோதனை 2022இல் பாதியில் நின்றுபோனது. நாட்டுப்பெருமை ஒரு மருந்துக்குள் புகுந்துவிட்டால் அதைப் பற்றிக் கேள்வி கேட்பவர் துரோகியாகிறார். இதைச் சீனாவில் மட்டும் கண்டதாக நான் பாசாங்கு செய்யமாட்டேன்.

ஜிங்கோ மரத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பதிவுகளைப் படிப்பவர்கள் அதிகம் கேட்டது அதைத்தான். சீனர்கள் மருந்தாகப் பெரிதும் பயன்படுத்தியது அதன் கொட்டையை, இருமலுக்கும் இளைப்புக்கும். நினைவுக்கு இலைச்சாறு என்பது இருபதாம் நூற்றாண்டில் ஜெர்மானியர் தொடங்கியது. 3,069 முதியவர்களிடம் நடத்தி 2008இல் வெளியான அமெரிக்கச் சோதனையில், நாளுக்கு இருமுறை 120 மில்லிகிராம் உண்டும் மறதிநோய் வருவது குறையவில்லை.

திருச்சியிலிருந்து ஒரு வாசகர், தந்தைக்கு அல்சைமர், டோனெபெசில் உண்கிறார், ஹூப்பர்சின் ஒரு புட்டி வாங்கிவர முடியுமா என்று எழுதியிருக்கிறார். வாங்கவில்லை. இரண்டும் ஒரே நொதியைத் தடுப்பவை. சேர்த்து உண்டால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும், இதயத்துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறையலாம், அவர் தந்தைக்கு ஏற்கெனவே துடிப்பு குறைவு என்றும் அவரே எழுதியிருக்கிறார். தந்தை உண்ணும் மாத்திரை, லேகியம், கஷாயம் அனைத்தையும் ஒரு தாளில் எழுதி நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டின் அருகில் ஒரு நடைப்பாதை இருந்தால் மாலையில் அவரைக் கைப்பிடித்து அழைத்துப்போங்கள். பைஜூ, பியோனி மாதிரிகளைக்கூட நான் எடுத்துவரவில்லை. மண் ஒட்டிய வேரை விமான நிலையத்தில் விடமாட்டார்கள்.